நடுநிலைக் கப்பலை நகர்த்துவது யார்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பிழை திருத்தப் போன இடத்தில் கிடைத்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் உமாபதி என்று ஒருவர் இருக்கிறார். பட்டுச் சேலைகளுக்குக் கணினியில் டிசைன் போட்டுக் கொடுப்பது தொழில். ஓய்வு நேரத்தில் ஒரு விளையாட்டை உருவாக்கியிருந்தார். மேசைமேல் விரித்து ஆடுகிற போர் விளையாட்டு. கற்பனையான ஒரு கடல், அதன் இரு கரைகளிலும் சண்டை போடும் இரண்டு நாடுகள், நடுவே சரக்குக் கப்பல்கள். அதற்கு முப்பத்தெட்டுப் பக்கத்தில் விதிப் புத்தகம் எழுதி என்னிடம் கொண்டுவந்தார். ஒற்றுப்பிழை மட்டும் பார்த்தால் போதும், மற்றபடி எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

மற்றபடி எல்லாம் சரியாக இல்லை. பதினான்காம் விதி மட்டும் நான்கு முறை எழுதப்பட்டிருந்தது. மூன்றை அடித்திருந்தார். நான்காவது பாதியில் நின்றது. தலைப்பு, 'நடுநிலைக் கப்பல்கள்'. அதாவது எந்தப் பக்கமும் சேராத நாட்டுக் கப்பல்கள். ஊரே சண்டை போட்டாலும் கோதுமையையும் உரத்தையும் ஏற்றிக்கொண்டு தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பவை. இதற்கு ஏன் நான்கு தடவை என்று கேட்டேன். உமாபதி கூட வந்திருந்த மனைவியைப் பார்த்தார். புவனேஸ்வரி சிரித்துவிட்டு, "அத்த எழுதினா ஒரு கதையே ஆயிடும் சார்" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

(பெயர்களை மாற்றிவிடவா என்று கேட்டேன். நல்லாத்தானே இருக்குது, ஏன் மாத்துறீங்க என்றார்கள். இப்படிப்பட்டவர்கள் கிடைப்பது எழுதுகிறவனுக்குப் பெரிய கொடுப்பினை.)

2

கதையைத் தொடங்குகிறேன்.

"காஞ்சிபுரத்தில் கடல் இல்லை."

வேண்டாம். அடுத்த வாக்கியம் 'ஆனால்' என்று தொடங்கப்போகிறது என்பதை நீங்கள் இப்போதே கண்டுபிடித்திருப்பீர்கள்.

"கோபுரத்தின் நிழல் மெல்ல நீண்டு, ராஜவீதியின்..."

இதுவும் வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லாக் கதைகளிலும் கோபுரத்தின் நிழல் நீண்டுகொண்டேதான் இருக்கிறது. உமாபதி வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும்.

"ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் உமாபதியின் கடலில் பன்னிரண்டு நடுநிலைக் கப்பல்கள் மூழ்கின."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன். கதைக்குள் அவரை 'அவன்' என்றுதான் எழுதப்போகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டார்.

3

பன்னிரண்டையும் மூழ்கடித்தவன் தர்மன். உமாபதியோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் மேற்பார்வையாளன். ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுவான். விதிகளில் ஓட்டை கண்டுபிடிப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. புதிய விளையாட்டைச் சோதித்துப் பார்க்க அப்படி ஓர் ஆள் வேண்டும் என்பார் உமாபதி. (பாருங்கள், 'அவன்' என்று சொல்லிவிட்டு 'என்பார்' என்று எழுதுகிறேன். கையில் வரமாட்டேன் என்கிறது. போகப்போகப் பழகிவிடும்.)

சிக்கல் இதுதான். சிவப்பு நாட்டுக் காய்களை உமாபதி நகர்த்துவான். நீல நாட்டுக் காய்களைத் தர்மன் நகர்த்துவான். இரண்டிலும் சேராத கப்பலை யார் நகர்த்துவது? முதல் வடிவத்தில் உமாபதி அதைப் பகடையிடம் விட்டான். பகடையில் விழுகிற எண்ணுக்குத் தக்கபடி அவை நகரும். நடுநிலைக் கப்பலை யாராவது மூழ்கடித்தால் கண்டனப் புள்ளிகள் மூன்று. பத்துப் புள்ளி சேர்ந்தால் நடுநிலை நாடு கோபித்துக்கொண்டு எதிரியோடு சேர்ந்துவிடும். ஆட்டம் மொத்தம் இருபத்து நான்கு சுற்று.

இருபத்திரண்டு சுற்று வரை தர்மன் ஒரு நடுநிலைக் கப்பலைக்கூடத் தொடவில்லை. கடைசி இரண்டு சுற்றில் பன்னிரண்டையும் முடித்துவிட்டான். உமாபதி பதறிப்போய் இது அநியாயம் என்றான்.

"ரெண்டு சுத்துல ஆட்டமே முடிஞ்சிபோது. அதுக்கப்புறம் எவன் கண்டிச்சா எனக்கு இன்னாபா?" என்றான் தர்மன்.

உமாபதி அன்றே முதல் வடிவத்தை அடித்தான்.

* இந்த விதியில் அடிக்கடி வருகிற 'கான்வாய்' என்ற சொல்லுக்கு ஒரு குறிப்பு போடச் சொன்னேன். காஞ்சிபுரத்தில் கான்வாய் என்றால் அமைச்சர் யாராவது சாமி கும்பிட வருகிறபோது சைரன் வைத்து வரிசையாகப் போகிற கார்கள்தான். கடலிலும் கிட்டத்தட்ட அதேதான். சரக்குக் கப்பல்கள் கூட்டமாகப் போகும், போர்க்கப்பல்கள் சுற்றிக் காவல் வரும். ஒரே வித்தியாசம், கடலில் எல்லோரும் கூட்டத்திலேயே மெதுவாகப் போகிற கப்பலின் வேகத்தில்தான் போக வேண்டும்.

4

இரண்டாவது வடிவம் உமாபதியின் தொழிலிலிருந்து வந்தது. எனக்கு மிகவும் பிடித்த தவறு இதுதான்.

வியாபாரம் பகடை உருட்டுவது போல நடப்பதில்லை, அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு என்று அவனுக்குத் தோன்றியது. சேலையில் புட்டா என்கிற பூவேலை விழுவதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறதல்லவா? எந்த இழையை எப்போது தூக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்வதற்குத் துளை போட்ட அட்டைகள் உண்டு. அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துத் தறியின் மேலே தொங்கவிடுவார்கள். அதைப்போலவே உமாபதி பன்னிரண்டு சிறிய அட்டைகளில் துளை போட்டான். சுற்றுக்கு ஓர் அட்டை. அட்டையைக் கடல் வரைபடத்தின் மேல் வைத்தால், எந்தக் கட்டத்தில் துளை விழுகிறதோ அங்கே நடுநிலைக் கப்பலை வைக்க வேண்டும். யாருடைய கையும் படாமல் கப்பல்கள் தாமாக வந்து போகும். தர்மனே வாய்விட்டுப் பாராட்டினான். அவன் பாராட்டியபோதே உஷாராகியிருக்க வேண்டும்.

பதின்மூன்றாம் சுற்றில் முதல் அட்டை மறுபடியும் வந்தது. ஏனென்றால் உமாபதி கடைசி அட்டையை முதல் அட்டையோடு கோத்துவிட்டிருந்தான். தறியில் அப்படித்தான் கோப்பார்கள். வட்டம் சுற்றி வந்தால்தான் புட்டா மறுபடி அதே இடைவெளியில் விழும். இல்லாவிட்டால் சேலை கழிவில் போகும். இருபது வருடமாகச் செய்கிற வேலை. வேறு மாதிரி கோக்கலாம் என்று அவன் கைக்குத் தோன்றவே இல்லை. தர்மனோ முதல் பன்னிரண்டு சுற்றையும் பஸ் டிக்கெட்டின் பின்புறம் குறித்து வைத்திருந்தான். ஒவ்வொரு கப்பலும் வரவேண்டிய கட்டத்துக்கு முன்னதாகவே ஒரு நீர்மூழ்கியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, சாவகாசமாக வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான்.

அடுத்த வாரம் அட்டைகளைக் கலைத்துப்போட்டு ஆடலாம் என்று உமாபதி எழுதிக்கொண்டிருந்தபோதுதான்... (இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். இதுவரை எழுதியது சுலபம். இனிமேல் விளையாட்டு இல்லை.)

5

புவனேஸ்வரிக்கு ஒரு தம்பி. பெயர் மணிவண்ணன். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. கப்பலின் முதலாளி ஒரு நாடு, கொடி இன்னொரு நாடு, ஏற்றியிருந்த உரம் மூன்றாவது நாட்டுக்குப் போகிறது. அதில் ஒரு நாடும் எந்தப் போரிலும் இல்லை. ஆனால் போகிற வழியில் ஒரு ஜலசந்தி, அங்கே போர் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை மணிவண்ணன் துறைமுகத்திலிருந்து போன் செய்தான். அடுத்த வாரம் அந்த ஜலசந்தியைக் கடக்க வேண்டும். போர் நடக்கிற கடலுக்குள் வரச் சம்மதமா என்று மாலுமிகள் ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்குகிறார்கள். இஷ்டம் இல்லாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். மாலைக்குள் சொல்ல வேண்டும். "நீ இன்னா சொல்றக்கா?" என்று கேட்டான்.

[அடித்தது: புவனேஸ்வரி சமையலறைச் சுவரில் சாய்ந்து சத்தம் வராமல் அழுதாள்.]

இந்தப் பகுதியை அவரிடம் படித்துக் காட்டினேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நான் எங்கே அழுதேன், அன்றைக்குக் கடையில் மூன்று கல்யாணப் பார்ட்டி, போன் வந்தபோது தோளில் நாலு சேலை கிடந்தது என்றார். அவர் சொல்வதுதான் சரி. ஒரு பாத்திரத்தை அழவிட்டால் நம் வேலை குறைகிறது என்று நினைத்துவிட்டேன்.

புவனேஸ்வரி ஒரு பட்டுக் கடையில் சேலை எடுத்துக் காட்டுகிறவள். முகூர்த்தப் புடவை எடுக்கப் பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் சேர்ந்தேதான் வருவார்கள். அந்தப் பக்கம் அரக்கு என்றால் இந்தப் பக்கம் பச்சை என்பார்கள். நடுவே உட்கார்ந்து சேலை விரிக்கிறவள், எது நன்றாக இருக்கிறது என்று மட்டும் வாய் திறக்கவே கூடாது. திறந்தால் ஒரு வீடு எழுந்து போய்விடும். பதினோரு வருடமாக அவள் வாய் திறந்ததில்லை. தம்பியிடமும் அந்தப் பழக்கமே வந்துவிட்டது. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டாள். ஏழு பேர் இறங்குகிறார்கள், தானும் இறங்கிவிட்டால் எஞ்சின் அறையில் வயதான ஒருவர் மட்டும்தான் தனியாக இருப்பார் என்றான் அவன்.

"உனுக்கு இன்னா தோணுதோ அத்த செய்டா. எது செஞ்சாலும் நான் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள்.

அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அவள் முதன்முறையாக அந்த மேசையருகே உட்கார்ந்தாள். போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும், கடையில் இருக்கிற மாதிரியே இருந்துவிட்டேன் என்றாள். நடுநிலைக் கப்பல்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அந்த நடு கப்பல இனிமே நான் ஓட்டுறேன்" என்றாள்.

மூன்றாவது வடிவம் அப்படிப் பிறந்தது. நடுநிலைக் கப்பல்களுக்கும் ஓர் ஆட்டக்காரர். அவருக்கு வெற்றி என்பது ஒன்றுதான், சரக்கோடு கரை சேர்வது. தனியாகப் போகலாம். அல்லது சிவப்பு நாட்டின் கான்வாயோடு ஒட்டிக்கொள்ளலாம். காவல் கிடைக்கும், ஆனால் நீல நாடு அதை எதிரிக் கப்பலாகவே எடுத்துக்கொள்ளும். அடுத்த ஞாயிறு மூவரும் காலையிலிருந்து மாலை வரை ஆடினார்கள். அவள் இரண்டு வழியிலும் போய்ப் பார்த்தாள். இரண்டு வழியிலும் சில முறை கரை சேர்ந்தாள், சில முறை மூழ்கினாள். எத்தனைக்கு எத்தனை என்று உமாபதி குறித்து வைத்திருந்தான். அதைத் தம்பியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று அந்தத் தாளை வாங்கி மடித்துக்கொண்டாள்.

ஒரே ஒரு விதியைப் பற்றித்தான் கேள்வி கேட்டாள். பக்கத்துக் கப்பல் மூழ்கினாலும் கான்வாயில் போகிற கப்பல் நிற்கக் கூடாது என்று எழுதியிருந்தது. ஏன் என்றாள். நின்ற கப்பல்தான் அடுத்த குறி, பழைய போர்களில் அப்படித்தான் உத்தரவு இருந்தது என்றான் உமாபதி. அவள் அடுத்த கப்பலை நகர்த்தினாள்.

* மணிவண்ணன் பிற்பாடு சொன்னது: கப்பலில் ஒரு கருவி உண்டு, அது கப்பலின் பெயரையும் போகிற ஊரையும் சுற்றிலும் அறிவித்துக்கொண்டே இருக்கும். ஊர்ப் பெயர் போட வேண்டிய இடத்தில் அந்த வாரம் பல கப்பல்கள், 'உங்கள் சண்டைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை' என்று போட்டிருந்தனவாம். எந்த ஊருக்குப் போகிறோம் என்பதைவிட அது முக்கியமாகிவிட்டது.

6

செவ்வாய்க்கிழமை பிற்பகல் டிவியில் கீழே ஓடுகிற வரியில் வந்தது. ஜலசந்தியில் சரக்குக் கப்பல் ஒன்று தாக்கப்பட்டது. பெயர் இல்லை. மணிவண்ணனின் போன் அணைந்திருந்தது. கப்பல் கம்பெனியின் எண்ணில் எப்போதும் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே நான் ஓர் உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். தர்மனை நான் வேறு மாதிரி கட்டிக்கொண்டு வந்தேன். இரக்கமில்லாத ஆட்டக்காரன், கடைசியில் அவனுக்கு யாராவது புத்தி சொல்வதாக ஒரு காட்சிகூட மனத்தில் இருந்தது. புதன்கிழமை காலை அவன் செய்த காரியத்தால் என் திட்டமெல்லாம் தரைமட்டம்.

ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு, நெல் ஏற்றிவந்த லாரியில் தொற்றிக்கொண்டு எட்டு மணிக்கே வந்துவிட்டான். மேசையில் ஞாயிற்றுக்கிழமை விட்டுப்போன ஆட்டம் அப்படியே இருந்தது. அவன் தன்னுடைய ஏழு நீர்மூழ்கிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவனை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பிறகு புவனேஸ்வரியின் கையிலிருந்து போனை வாங்கி, "நீ போய் ரெண்டு வாய் சாப்புடும்மா, நான் போட்டுக்கினே இருக்கறேன்" என்றான். அன்று முழுவதும் அந்தக் கம்பெனி எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தான். மறுநாளும் வந்து உட்கார்ந்தான்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. தர்மன் எடுத்தான், கேட்டான், புவனேஸ்வரியிடம் நீட்டினான். "அக்கா, நான்தான்" என்றது போன்.

இந்த முறை அவள் அழுதாள். எழுதிக்கொள்ளலாம் என்று அனுமதியும் கொடுத்தாள்.

7

நடந்தது இது. எஞ்சின் அறைக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று வந்து வெடித்தது. தீ. எஞ்சின் நின்றுவிட்டது. வயதான அந்தக் கூட்டாளிக்குக் கையில் அடி. மணிவண்ணன் அவரைத் தோளில் தாங்கி மேலே கொண்டுவந்தான். பதினாலு பேரும் உயிர்காப்புப் படகில் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னொரு சரக்குக் கப்பல் வந்துகொண்டிருந்தது. யாருடைய நாடோ, யாருடைய சரக்கோ. கிட்டே போகாதே, விலகிப் போ என்று ரேடியோவில் எல்லோரும் அதற்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அது விலகவில்லை. நேரே வந்து நின்றது. முக்கால் மணி நேரம் எஞ்சினை நிறுத்தி, ஏணி இறக்கி, பதினாலு பேரையும் ஏற்றிக்கொண்ட பிறகுதான் கிளம்பியது.

மணிவண்ணன் யாரோ ஒருவருடைய தொளதொள சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தான். உமாபதி அவனிடம் முதலில் கேட்டது, நின்று ஏற்றிக்கொண்ட அந்தக் கப்பலின் கேப்டன் பெயர்.

"கேட்டேன் மாமா. சொன்னாரு. என் வாயில நொழையல. நன்றி சொன்னேன். கைய ஆட்டிட்டு, போய் சாப்புடுன்னு சைகை காட்டினாரு. அவ்ளோதான்."

நன்றி சொல்ல ஒரு முகவரி இல்லாமல் அந்த வீடு தவித்தது. தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. அப்புறம்தான் உமாபதி மூன்றாவது வடிவத்தையும் அடித்துவிட்டு, பதினான்காம் விதியை நான்காம் முறை எழுத உட்கார்ந்தான். அவனுக்குத் தெரிந்த வகையில் அதுதான் நன்றி. 'ஆபத்தில் உள்ள கப்பலின் அருகே நடுநிலைக் கப்பல் நிற்கலாம். நின்றால் அந்தச் சுற்று நகராது' என்று எழுதினான். அடுத்த வரி: 'நின்ற கப்பலுக்குக் கிடைக்கும் புள்ளிகள்'. அங்கே பேனா நின்றுவிட்டது.

பிழை திருத்தும்போது நான் பார்த்தது இந்த இடத்தைத்தான். ஆளுக்கு ஒரு முடிவு சொன்னார்கள்.

முதல் முடிவு உமாபதியுடையது. ஐந்து புள்ளி கொடுத்துவிடலாம். தர்மன் தலையைக் குனிந்துகொண்டு வேண்டாம் என்றான். புள்ளி வைத்தால் எல்லாக் கப்பலும் ஓடிவந்து நிற்கும், ஒன்றை அடித்துப்போட்டு மற்றவற்றை வரவழைக்கிறவன் வருவான், வேறு யாரும் இல்லை, நானே செய்வேன் என்றான்.

இரண்டாவது, புள்ளியே இல்லை. அப்படியென்றால் யார் நிற்பார்கள் என்று கேட்டேன். நான் நிற்பேன் என்றார் புவனேஸ்வரி. தோற்றுப்போவாய் என்றார் கணவர். "தோத்துட்டுப் போறேன்" என்றார்.

மூன்றாவது என்னுடையது. கட்டாயமாக நிற்க வேண்டும் என்று விதி செய்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த மணிவண்ணன் என்னைப் பார்த்தான்.

"அவர யாரும் நிக்கச் சொல்லல சார். எல்லாரும் போன்னுதான் சொன்னாங்க."

அதன்பிறகு யாரும் முடிவு எதுவும் சொல்லவில்லை.

8

விதிப் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. ஒற்றுப்பிழைகளைத் திருத்திவிட்டேன். பதினான்காம் விதியின் கடைசி வரியில் புள்ளிகளுக்கான இடம் காலியாக இருக்கிறது. எழுத்து விட்டுப்போயிருக்கிறதே என்று அச்சகத்திலிருந்து போன் செய்தார்கள். விட்டுப்போகவில்லை, அப்படியே போடுங்கள் என்றேன்.

எனக்கு இந்தக் கதையில் நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அழவில்லை என்று திருத்திய புவனேஸ்வரிக்கு. என் வில்லனைக் கெடுத்த தர்மனுக்கு. மூன்று முறை தோற்றும் அடித்து அடித்து எழுதிய உமாபதிக்கு. பெயர் வாயில் நுழையாத அந்த மனிதருக்குத்தான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவர் தமிழ் படிக்கப்போவதில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: ஐயா, பையன் நன்றாக இருக்கிறான். நன்றாகச் சாப்பிடுகிறான்.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் மணிவண்ணன் அடுத்த மாதம் மறுபடி கப்பல் ஏறுகிறான். அதே கடல் வழிதான். இந்த முறை அவன் அக்கா வாயைத் திறந்து, போகாதே என்று சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான்; அப்புறமும் போவதாகத்தான் இருக்கிறான். அந்தப் பயணத்தின் முடிவை எழுத என்னால் ஆகாது. கரை சேர்ந்தான் என்று எழுதக் கை துடிக்கிறது, ஆனால் அந்தக் கப்பலை என்னால் நகர்த்த முடியாது.

உங்களால் ஒருவேளை முடியும். நீங்கள் அவனுக்குப் பின்னால் வருகிற கப்பலில் இருக்கிறீர்கள். உங்களுக்கும் சரக்கு இருக்கிறது, சேர வேண்டிய நாள் இருக்கிறது, வீட்டில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ரேடியோவில் விலகிப் போகச் சொல்கிறார்கள். முன்னால் புகை தெரிகிறது.